தனியா எழுதுங்க, சொல்றேன்

லெஸ்கோவாட்ஸ் ஊரில் ஆக்சிஜன் மெஷின் ரிப்பேர் செய்கிறவர் தேசிமீர். அறுபத்து மூன்று வயது. எங்கள் செர்பிய ரிப்பேர்காரர்களின் இணையக் குழுவில் பதினான்கு வருடமாக அவர் வைத்ததுதான் சட்டம். யார் எதைக் கேட்டாலும் பொதுவில் ஒரே வரி: “தனியா எழுதுங்க, சொல்றேன்.”

எங்கள் ஆட்கள் அப்படித்தான். நாலு பேர் முன்னால் சொல்லிக்கொடுத்தால் கேட்டவனுக்கு மானக்கேடு, சொன்னவனுக்குத் திமிர். அதனால் ஒரே பதிலை முந்நூறு பேருக்கு முந்நூறு தடவை எழுதினார் மனுஷன். “விரல் தேஞ்சு போச்சுடா” என்று என்னிடமே புலம்பியிருக்கிறார்.

போன பிப்ரவரியில் அவர் மனைவி லுபிங்கா மூச்சுக்கு நம்பியிருந்த மெஷினே நின்றுபோனது. வால்வை மாற்றினார். சிவப்பு விளக்கு அணையவில்லை; அது அணையாமல் மெஷின் ஓடாது. எந்த இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் அணையும் என்று ஒரு காலத்தில் கண்டுபிடித்தவரே அவர்தான். இப்போது சுத்தமாக மறந்துவிட்டது. இன்பாக்ஸ் நிரம்புகிறதென்று பழைய கடிதங்களை அழித்தவரும் அவரே.

மாற்று சிலிண்டர் சாயங்காலம் வரைதான் வரும். அதற்குப் பிறகு நீஷ் நகர ஆஸ்பத்திரிதான். போன தடவை அங்கே போனவள் நாற்பது நாள் கழித்துத்தான் வீடு திரும்பினாள்.

குழுவில் தேடினார். கண்ட இடமெல்லாம் அவருடைய அந்த ஒரே வரி. பொதுவில் கேட்க வெட்கப்பட்டு, பொய்ப்பெயரில் கேட்டார். உடனே ஐந்து பேர் பதில் போட்டார்கள்: “தேசிமீர் மேஸ்திரிக்குத் தனியா எழுதுங்க.”

லுபிங்கா மூக்குக் குழாயோடு சிரித்தாள். “யோவ், உன்னையே உன்கிட்ட கேக்கச் சொல்றானுங்க!” சிரிப்பு இருமலாகி, உதடு நீலம் பாரித்தது. அதைப் பார்த்ததும் பொய்ப்பெயர்க் கணக்கை மூடினார்.

மானத்தை விட்டுச் சொந்தப் பெயரிலேயே எழுதினார்: “எனக்கு மறந்துடுச்சு. என் பொண்டாட்டி மெஷின். யாருக்காவது சொல்லியிருந்தா இங்கேயே சொல்லுங்கப்பா.”

பத்து நிமிடத்தில் பதின்மூன்று பதில்கள். எல்லாம் சரியான பதில். சிலிண்டர் தீரும் முன்பே மெஷின் ஓடியது. பதின்மூன்றும் தனிக் கடிதங்கள். அவ்வளவு பெரிய மேஸ்திரிக்கு ஊர் முன்னால் பாடம் எடுப்பதா என்று அத்தனை பேரும் கூசியிருக்கிறோம்.

குழுவில் அவர் கேள்விக்குக் கீழே இன்றும் ஒன்றுமில்லை. அந்தப் பதின்மூன்றில் ஒன்று நான் எழுதியது.