பதினைந்து நிமிடக் கோடு

டைம் கீப்பர் செங்கல்வராயனைச் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் யாருக்கும் பிடிக்காது. அவருக்குக் கீழே கண்டக்டராக இருந்த எனக்கும்தான். கட்டம் போட்ட தாளில் அடியில் நிமிடமும் பக்கத்தில் மைலும் குறித்து, ஒவ்வொரு நடைக்கும் ஒரு கோடு போடுவார். பஸ் நின்றால் கோடு படுக்கும், ஓடினால் ஏறும், வேகம் கூடக் கூட நெட்டுக்கு நிமிரும். திருக்கழுக்குன்றம் ஒன்பது மைல், அரை மணி. அதுதான் வழக்கமான கோடு.

1956 தை மாதம். எட்டு மணி பஸ் கால் மணி தாமதம். கழுக்குன்றத்தில் முதலாளியே கடிகாரத்தோடு காத்திருந்தார். இந்தத் தடவையும் தவறினால் செங்கல்வராயனுக்கு வேலை போய்விடும். எட்டு மணியிலிருந்து ஏறிய வழக்கமான கோட்டுக்குப் பக்கத்தில், எட்டே காலிலிருந்து இன்னொரு கோட்டை நிமிர்த்தி இழுத்தார். இரண்டும் எட்டரைக்கு உச்சியில் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன.

"இன்னா சாரு, ரெண்டு மடங்கு வேகம் கேக்குறே? சந்தைக்கு ஜனம் போய்கினு கீது" என்றார் டிரைவர் சௌகத் அலி.

"இந்தக் கோட்ட வுட்டு எறங்கினா, நாளைக்கு வண்டி எடுக்க வராதே பாய்."

தாளை அலியின் சட்டைப் பையில் திணித்துவிட்டு, தானே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் "மிதி, மிதி" என்றுதான் பேச்சு.

ஆறாவது மைலில் நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அருணகிரி என்பவன் ரோட்டைக் கடந்தான். முன் சக்கரம் அவன் மார்பில் ஏறி இறங்கியது.

வயலிலிருந்து கூட்டம் ஓடிவந்தது. முதலில் வந்தது அவன் அண்ணன் ஜானகிராமன், கையில் மண்வெட்டியோடு. அலியைக் கீழே இழுத்துப் புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். பற்கள் தெறித்தன. தாடை உடைந்து அவருக்குப் பேச்சே வரவில்லை. நான் பஸ்ஸுக்கு அடியில் புகுந்துகொண்டேன், வெட்கங்கெட்டவன். செங்கல்வராயன் பயணிகளோடு ஒண்டி நின்றார். அவர் யாரென்று ஊராருக்குத் தெரியாது.

அலியின் சட்டை கிழிந்து தாள் விழுந்தது. ஜானகிராமன் எடுத்துப் பார்த்தார். கோட்டின் உச்சிக்கு நேரே 'கழுக்குன்றம்' என்று எழுதியிருந்தது.

"சாமி மலைய வரஞ்சி வெச்சிகினு கீறான்" என்று வீசியெறிந்தார். "இத்தோட இவன் கத முடிஞ்சிது." மண்வெட்டி ஓங்கியது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் செங்கல்வராயன் தப்பியிருப்பார். அதைத்தான் செய்வார் என்று நினைத்தேன்.

"அது மல இல்ல." முன்னால் வந்து தாளைப் பொறுக்கினார். "வேகம். சாய்ஞ்சி கீற இந்தக் கோட்டுல வந்திருந்தா பிரேக்குல நின்னிருக்கும். இந்த நெட்டுக்கோடு ரெண்டு மடங்கு. பாய் வேணான்னாரு. போட்டது நான்."

ஜானகிராமன் மண்வெட்டியைத் தாழ்த்தினார். "எந்தம்பி இதுல எங்க கீறான்?"

செங்கல்வராயன் தாளை பானெட்டின் மேல் விரித்தார். ஆறாவது மைலிலிருந்து விரலை நேராக நகர்த்தி, நெட்டுக்கோட்டில் நிறுத்தினார்.

"இங்க. எட்டு இருவத்தஞ்சுக்கு."

விரலை எடுப்பதற்குள் மண்வெட்டி விழுந்தது.

அலியின் கட்டை நான்தான் அவிழ்த்தேன். ஒரு கண் போயிற்று, உயிர் இருந்தது. செங்கல்வராயனின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. போலீஸ் வந்து ரத்தம் ஊறிய தாளைக் கேட்டபோது ஜானகிராமன் தரவில்லை.

"எந்தம்பி இதுல கீறான்" என்று அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதார்.