மேனேஜரும் பச்சை இறைச்சியும்

என் அண்ணன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். முப்பது வருஷமாகத் தராசு பழுது பார்க்கிறவர். கடை கடையாகப் போய், தோல் பையிலிருந்து எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, தராசு பொய் சொல்கிறதா என்று பார்ப்பார். பையைத் திறக்கும்போதே சில கடைக்காரர்களின் முகம் சுண்டிவிடும். வெளியே அவருக்குக் 'கிராம்' என்று பெயர். வீட்டிலும் அதே கதைதான். நான் கை அளவுக்கு உப்புப் போட்டால், "உன் கைக்கு எந்த ஆபீஸ்லடி முத்திரை குத்திக் குடுத்தாங்க?" என்று கேட்பார்.

அவர் கீழ் வீட்டில், நான் மாடியில். எனக்கு அவரை விட்டால் வேறு நாதியில்லை. அவருக்கு நானும் ஒரு நாயும். அந்த நாயை ஒரு பைக்குள் போட்டுக் குட்டியாகத் தூக்கி வந்தது அண்ணி. வாசலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை எல்லாம் லீவு கேட்டு வந்தவர்களைப் போலப் பார்க்கும். அதனால் அண்ணி அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். அவள் கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. அதற்கப்புறம் அண்ணன் என்னிடம் பேசியதை விட மேனேஜரிடம் பேசியதுதான் அதிகம்.

போன வருஷம் மேனேஜருக்குச் சொறி வந்தது. முதுகில் ரோமம் திட்டுத் திட்டாக உதிர்ந்தது. தின்றதைக் கக்கியது. ஊசி, மருந்து, சோப்பு என்று எதற்கும் கேட்கவில்லை. அண்ணன் அதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இதுவும் போயிடுச்சுன்னா, அவ ஆசையா வளத்ததுன்னு இந்த வீட்டுல என்னடி இருக்கு?" என்றார். நாய் போனால் பின்னாலேயே இவரும் போய்விடுவார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மிருக டாக்டர் ஒரு யோசனை சொன்னார். "காஞ்ச தீனிய நிறுத்துங்க சார். பச்சை இறைச்சி குடுத்துப் பாப்போம். உடம்பு எடையில நூத்துக்கு ரெண்டரை பங்கு, ஒரு நாளைக்கு."

கணக்கு என்று வந்துவிட்டால் அண்ணனைக் கேட்க வேண்டுமா! மேனேஜர் பதினெட்டு கிலோ. அப்படியானால் நானூற்றைம்பது கிராம். எலும்போடு சேர்ந்த கறி இவ்வளவு, ஈரல் இவ்வளவு என்று சமையலறையில் தராசை வைத்து நிறுத்தார். ஒரு கிராம் கூடினால் கத்தியால் சீவி எடுத்தார். மேனேஜர் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு நாள் பட்டினி கிடந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் செய்த காரியம் இருக்கிறதே, அது அவருக்கு மட்டும்தான் தோன்றும். தன் அழுக்கு சாக்ஸ் ஒன்றை எடுத்து, கறியை அதற்குள் போட்டு, வாயை முடிச்சுப் போட்டார்.

"ச்சீ! என்னண்ணா இது அசிங்கம்?"

"ஆடிக் கறக்குற மாட்ட ஆடித்தான் கறக்கணும். என் வாசனை இருந்தா எதையும் திம்பான், பாரு."

சரியாகத்தான் சொன்னார். மேனேஜர் சாக்ஸைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியைக் கிழித்தது. உள்ளே இருந்ததை ஒன்று விடாமல் தின்றது. அண்ணன் குழந்தை போலக் கை தட்டினார். மறுநாளும் சாக்ஸ். அதற்கு மறுநாளும் சாக்ஸ். பழகியதும் தட்டுக்கு மாற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். ஓடுகிற கடிகாரத்தைக் கழற்றாதே என்று என் வாயை அடைத்துவிட்டார்.

வீட்டில் சாக்ஸுக்குப் பஞ்சமே கிடையாது. அண்ணனுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதால் தூங்கும்போதுகூட சாக்ஸ்தான். கால் மரத்துப்போனதையே பெருமையாகப் பேசுவார். "ஆணி குத்துனாக்கூட ஆணிதான் கத்தணும், நான் கத்த மாட்டேன்."

ஒரு மாதத்தில் மேனேஜர் ஆளே மாறிவிட்டது. ரோமம் பளபளவென்று முளைத்தது. பல் வெளுத்தது. கண்ணில் ஒரு வெளிச்சம். மிருக டாக்டரே ஆச்சரியப்பட்டார். எனக்கு மட்டும் அந்த நாயைப் பிடிக்காமல் போனது. அது குரைப்பதை நிறுத்திவிட்டது. தபால்காரர் வந்தாலும் சத்தமில்லை, பூனை போனாலும் சத்தமில்லை. வாசலை விட்டுவிட்டு அண்ணன் நாற்காலிக்குக் கீழேயே படுத்துக் கிடந்தது. அவருடைய இடது காலுக்குப் பக்கத்தில். வலது பக்கம் போகாது. மூக்கை அந்த சாக்ஸிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும். வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கும்.

"அது உன் கால மோந்துட்டே இருக்குண்ணா. பாக்கவே பயமா இருக்கு."

"பாசம்டி. உனக்குப் பொறாமை."

வீட்டில் ஒரு நாற்றமும் சேர்ந்துகொண்டது. இனிப்பும் அழுகலும் கலந்த நாற்றம். பச்சைக் கறியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வேறென்ன செய்யும் என்று திட்டிக்கொண்டே தரையை பினாயில் ஊற்றிக் கழுவினேன். குளிர்பெட்டியைக் காலி செய்து துடைத்தேன். போகவில்லை. இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவருடைய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கீழே இறங்கினேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டார். நாற்காலிக்கு அந்தப் பக்கம் மேனேஜரின் முதுகு மட்டும் தெரிந்தது. தின்கிற சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற அதே சத்தம்தான். எலும்பு மெதுவாக நொறுங்குகிற சத்தம்.

பாத்திரத்தை வைக்கச் சமையலறைக்குப் போனேன். அன்றைக்கான நானூற்றைம்பது கிராம் தராசுத் தட்டிலேயே இருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை.

எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியாது. சாக்ஸின் நுனி கிழிந்திருந்தது. இடது காலில் சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. ரத்தமும் அதிகமில்லை. நான் போட்ட கூச்சலில் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"ஏண்டி இப்படிக் கத்துற? மனுஷன் கொஞ்சம் தூங்கக் கூடாதா?"

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா டாக்டர் காலை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"அந்த ரெண்டு விரலும் செத்துப்போய் நாளாச்சும்மா. அழுகி மேல ஏறிட்டிருக்கு. உங்களுக்கு நாத்தம் வரலையா?"

"கறி நாத்தம்னு நெனச்சேன் டாக்டர்."

அவர் கையுறையைக் கழற்றினார். "ஒரு விஷயம் எனக்கே புரியல. செத்த சதையத்தான் நாய் எடுத்திருக்கு. உசுர் இருக்கிற இடத்துல ஒரு பல்லுகூடப் படல. இன்னும் பத்து நாள் இதைப் பாக்காம இருந்திருந்தா, உங்க அண்ணன் உங்களுக்கு இல்ல."

பாதத்தில் பாதியை எடுத்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "மேனேஜர் சாப்பிட்டானா?"

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் நாயைப் பின்கட்டு அறையில் பூட்டி வைத்திருந்தேன். கதவை ஒரு கை அளவு திறந்து, இடுக்கியால் கறியைப் பிடித்து உள்ளே எறிவேன். வேகவைத்ததைப் போட்டால் தொடாது. ஒரு நாள்கூட அது குரைக்கவில்லை, கதவைப் பிராண்டவில்லை. கதவிடுக்கில் அதன் மூச்சு மட்டும் வந்து போகும்.

அண்ணன் வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கதவைத் திறக்கச் சொன்னார். மேனேஜர் வந்தது. கட்டுப் போட்ட காலை முகர்ந்தது. அடுத்த காலை முகர்ந்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு போய் வாசலில் படுத்தது. அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

"இந்தப் பிசாசு இருந்தா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுண்ணா."

"அவன் இல்லன்னா நான் செத்திருப்பேன்டி."

"அவன் உன்னத் தின்னான்! காப்பாத்தணும்னு நெனச்சா தின்னான்? பசிச்சுது, தின்னான்!"

மூன்று நாள் சண்டை. நான்காம் நாள் அவர் ஓய்ந்துவிட்டார். "எனக்குக் கால் இல்ல. உன் தயவுலதான் இருக்கேன். உன் இஷ்டம்" என்றார். அதைச் சொன்ன நிமிஷத்தில் பத்து வயது கூடிப்போனவர் மாதிரி தெரிந்தார். எனக்கும் வலித்தது. ஆனாலும் நான் விடவில்லை.

விலங்குக் காப்பகத்திலிருந்து ஒரு ஆள் காலையிலேயே கூண்டோடு வந்தார். இவ்வளவு வயதான நாயை, அதுவும் மனுஷனைக் கடித்ததை, யாரும் எடுத்து வளர்க்க மாட்டார்கள். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போடப் போனேன்.

மேனேஜர் எழுந்தது. கூண்டைப் பார்க்கவில்லை, அண்ணனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தது. குனிந்து என் வலது பாதத்தை முகர்ந்தது. மூக்கைக் கட்டைவிரலுக்கு ஒரு விரல்கடை தள்ளி வைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

எனக்குச் சர்க்கரை கிடையாது. அதாவது, இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் யாரையும் பார்க்க விட்டதில்லை.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் மேனேஜர் வாயைத் திறந்து என் கட்டைவிரலை நக்கியது. ஒரு தடவை, இரண்டு தடவை. விரல் ஈரமாகிப் பளபளத்ததைக் கண்ணால் பார்த்தேன். காலுக்கு எதுவும் தெரியவில்லை.

"அம்மா, கையெழுத்து?" என்றார் வந்தவர்.

படிவத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன். "மன்னிச்சுக்கோங்க. நாய் இங்கயே இருக்கட்டும்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

"அண்ணா," என்றேன். "அந்த அம்மா டாக்டருக்கு போன் போடு. இன்னைக்கே."