அத்தான் தாண்டிப் படித்த பக்கங்கள்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் ஊரில் உயரமான கட்டடத்தில் ஏறி இறங்கியவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அவரை நம்பித் தொங்கியிருப்பார்கள். ஆனால் ஒருவரும் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒன்று, லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் மல்லாந்து கிடப்பார். இல்லையென்றால் மொட்டை மாடிக்கு மேலே மோட்டார் அறையில் இருப்பார். நடுவில் உள்ள மாடிகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதே அவருக்குக் கேள்வி ஞானம்தான்.

வீட்டிலும் அப்படித்தான். "சாப்பிட்டாச்சா?", "கதவு சாத்தியாச்சா?" இந்த இரண்டையும் கழித்துவிட்டால் அவர் பேச்சில் மிச்சம் ஒன்றும் இருக்காது. அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவாள். ஓரிடத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு ஆகாது. பாத்திரம் கழுவிக்கொண்டே என்னோடு பேச்சு, அப்படியே ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு விசாரணை, அதற்குள் துணியெல்லாம் மடித்து முடிந்திருக்கும். கதைப் புத்தகம் கையில் இருந்தால் மட்டும் உட்கார்வாள். அப்போது கூரையே இடிந்து விழுந்தாலும், "இந்தப் பக்கம் முடியட்டும்" என்பாள்.

நான் வேலை பார்ப்பது கிளை நூலகத்தில், புத்தகம் கொடுத்து வாங்கும் மேஜையில். யாருக்கு என்ன புத்தகம் பிடிக்கும் என்பது ஆளைப் பார்த்தாலே தெரியும் என்று எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு. தெருத் தெருவாக நடந்து கால் தேய்ந்த தபால்காரர், ஓய்வு பெற்ற பிறகு பயணக் கதைகளாகத்தான் அள்ளிக்கொண்டு போவார். பேருந்து ஓட்டுநர் ஒருவர் கவிதைப் புத்தகம் எடுத்து, அட்டை தெரியாமல் செய்தித்தாள் சுற்றிக்கொண்டு போவார்; கூட வேலை பார்ப்பவர்கள் கண்ணில் பட்டால் மானம் போய்விடுமாம். அத்தான் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. எதை நீட்டினாலும், "இது நடந்ததா?" என்று கேட்பார்.

"இல்ல அத்தான், கதை."

"அப்ப எதுக்கு?"

இதற்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மோட்டார் பற்றிய தடிப் புத்தகம் ஏதாவது ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கண்ணில் பார்வை கிடையாது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் அத்தனை புத்தகங்களையும் படித்துத் தள்ளினாள். போன வருடம் அந்தக் கண்ணிலும் ஓரத்தில் கறுப்புப் படுதா இறங்குவது போல இருக்கிறது என்றாள். ஓடினோம். உள்ளே விழித்திரை கிழிந்து விலகியிருந்தது. அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தார்கள்.

முடிந்த பிறகு டாக்டர் அம்மா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "கண்ணுக்குள்ள வாயு அடைச்சிருக்கேன். அந்தக் குமிழி மேல ஏறி, திரையை அழுத்திப் பிடிச்சுக்கணும். அதுக்கு அவங்க ரெண்டு வாரம் குப்புறப் படுத்தே இருக்கணும். சாப்பிட, பாத்ரூம் போக எழுந்தாலும் தலை குனிஞ்சேதான் இருக்கணும். நிமிர்ந்தா திரை ஒட்டாது. இருக்கிறது ஒரு கண்ணு, மறந்துடாதீங்க."

ரெண்டு வாரமா? அக்காவால் ரெண்டு நிமிடம் முடியாதே! எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான் அழவில்லை. நேராக வீட்டுக்குப் போய்க் கட்டில் பலகையில் முகம் வைக்கிற அளவுக்கு வட்டமாக அறுத்தார். விளிம்பில் பஞ்சு வைத்து, மேலே மெத்தென்ற தோலைச் சுற்றி ஒட்டினார். வேலையில் குறை சொல்ல முடியாது. மறுநாள் அக்கா அதில் முகத்தைப் புதைத்துப் படுத்தாள். கட்டுப் போட்ட கண்ணோடு, துளை வழியாகத் தரையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் நான் போனபோது கைகளை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு போனாப் போகுது. என்னால முடியலடி. இதுக்கு இருட்டே தேவலாம்."

அப்போதுதான் வேலை முடிந்து வந்த அத்தான் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் பிடரியை அழுத்திப் பிடித்தார். "படு!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அத்தான், அவளை ஒரு இடத்துல இருக்க வைக்கிறது புத்தகம் ஒண்ணுதான். படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

"நீ படியேன்."

"வேண்டவே வேண்டாம்" என்றாள் அக்கா தரையைப் பார்த்து. "இவ ஒவ்வொரு வரிக்கும் அழுவா. என்னைக் கதை கேக்க விட மாட்டா."

உண்மைதான். அதை இப்படிப் போட்டு உடைத்திருக்க வேண்டாம்.

அத்தான் தலையில் மாட்டும் வேலை விளக்கைப் போட்டுக்கொண்டு, லிஃப்ட் பள்ளத்தில் இறங்குவது போலவே கட்டிலுக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தார். மேலே துளையில் அக்கா முகம், கீழே அவர் முகம், நடுவில் புத்தகம். கல்யாணமாகி இவ்வளவு வருடத்தில் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் இருந்ததில்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

முதலில் சமையல் புத்தகம் கொடுத்தேன். அவர் படிக்கப் படிக்க அக்கா ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டாள். "உப்பு தேவையான அளவுன்னா என்ன அளவு?" என்று அவர் கேட்க, "அது தெரிஞ்சா நீங்க ஏன் மெக்கானிக்கா இருக்கீங்க?" என்று இவள் கேட்க, ஒரு சாயங்காலம் நன்றாகவே போனது. அடுத்து, புத்தி கெட்டுப்போய், கண் நோய்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொண்டுபோனேன். அவர் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி எல்லாக் கெடுதல்களையும் வரிசையாகப் படித்தார். அக்கா அன்று சாப்பிடவில்லை. அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிப் பையில் போட்டேன். கவிதை கொடுத்தேன். ஒரு கவிதையைப் படித்து முடித்து, தாளைத் திருப்பிப் பார்த்து, "அவ்வளவுதான் போல" என்றார். சற்று நேரத்தில் மேலே ஒரு குறட்டை, கீழே ஒரு குறட்டை. அதுவும் ஒரு உதவிதான், நான் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

துப்பறியும் கதை நன்றாக வேலை செய்தது, அளவுக்கு மீறியே. கொலைகாரன் கதவுக்குப் பின்னால் நிற்கிற இடத்தில், "ஐயோ, யாரு?" என்று அக்கா தலையைத் தூக்கிவிட்டாள். அத்தான் புத்தகத்தைப் போட்டுவிட்டுத் துளை வழியாக இரண்டு கைகளாலும் அவள் கன்னங்களைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவள் மூச்சு ஆறும் வரை விடவில்லை. அன்றோடு துப்பறியும் கதைக்குத் தடை.

"பச்சை அட்டை போட்ட ஒரு கதை இருக்குமே" என்றாள் அக்கா. "தையல்காரி ஒருத்தியைப் பத்தினது. அதைக் கொண்டா."

தேடிக் கொண்டுவந்தேன். நான் படித்ததில்லை. நூலகத்தில் வேலை செய்பவள் எல்லாப் புத்தகத்தையும் படித்திருப்பாள் என்று நினைப்பவர்கள் மிட்டாய்க் கடைக்காரரின் ஒல்லி இடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தக் கதை பிடித்துக்கொண்டது. கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஒரு தையல்காரி, அவள் கடை, வாடிக்கையாளர்களின் வம்பு, ஊதாரித் தம்பி. அக்கா அசையாமல் கிடந்தாள். அத்தான் நிறுத்தற்குறிகளில் தடுக்கி விழுந்து விழுந்து படித்தார். தடுக்காமல் இருக்க மதியச் சாப்பாட்டு வேளையில் மோட்டார் அறையில் உட்கார்ந்து முன்கூட்டியே படித்துப் பார்க்கவும் தொடங்கினார். "அந்தத் தம்பியை நாலு சாத்து சாத்தணும்" என்று ஒருநாள் என்னிடம் பல்லைக் கடித்தார். நடந்த கதையா என்று கேட்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், கிரீஸ் படிந்த சட்டையோடு நூலகத்துக்குள் நுழைந்தார்.

"உனக்கு அறிவிருக்கா?"

படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "மெதுவாப் பேசுங்க அத்தான். என்ன ஆச்சு?"

"அந்தத் தையல்காரிக்குக் கண்ணு போயிடுது." புத்தகத்தை மேஜையில் வைத்தார். "நாளைக்கு அந்த இடம் வருது."

புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன். "வேற புத்தகம் தரேன்."

"விட மாட்டா. மிச்சத்தைப் படி படின்னு நேத்தே உயிரை வாங்கிட்டா." புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "ஒரு மாடியில கதவு கெட்டுப்போச்சுன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? அந்த மாடியில மட்டும் நிக்காத மாதிரி பண்ணிடுவோம். லிஃப்ட் தாண்டிப் போயிடும். உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாது."

"அக்கா உங்க லிஃப்ட்ல வர்ற ஆள் இல்ல. கண்டுபிடிச்சிடுவா."

"நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது. "அவள் ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். ஊசியின் காது தெரியவில்லை. விளக்கருகே நகர்ந்தாள். அப்போதும் தெரியவில்லை." தாள்கள் கொத்தாகப் புரளும் சத்தம். பிறகு ஒரு செருமல்.

"மருத்துவர் வந்தார். கண் பரிசோதிக்கப்பட்டது. கண் நல்ல முறையில் இயங்குகிறது. எவ்விதப் பழுதும் இல்லை. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை."

கொதிக்கிற தேநீரைக் கையில் ஊற்றிக்கொண்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? பேசுகிற மாதிரிச் சொன்னால் மாட்டிக்கொள்வார். எழுதுகிற தமிழில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் லிஃப்டுக்குள் ஒட்டும் அறிவிப்புதான். கதவில் சாயாதீர்கள், பளு கூடினால் இயங்காது. அந்தத் தமிழில்தான் ஒரு பெண்ணுக்குக் கண் கொடுக்க வேண்டியிருந்தது.

எட்டிப் பார்த்தேன். குப்புறக் கிடந்த அக்காவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது? தலையை மட்டும் தூக்கிவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். தூக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் அவள் வழக்கம்போல் தன் பணியைத் தொடர்ந்தாள்."

"நல்லது" என்றாள் அக்கா.

மிச்ச நாட்களெல்லாம் அவர் தாண்டித் தாண்டிப் படித்தார். கதை ஓட்டை விழுந்த பை மாதிரி ஆகிவிட்டது. தையல்காரி தெருவைக் கடக்கும்போதெல்லாம் யாராவது அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

"எதுக்கு எல்லாரும் அவ கையைப் பிடிச்சுக்கிறாங்க?"

"பாசம்" என்றார் அத்தான்.

அந்தப் பாசத்திலேயே ரெண்டு வாரமும் ஓடிவிட்டது. தையல்காரி கதை தொடங்கியதிலிருந்து அக்கா ஒரு தடவைகூட நிமிரவில்லை.

கண்ணுக்குள் இருந்த வாயு கரைய இன்னும் சில வாரங்கள் ஆகின. அதன் பிறகுதான் டாக்டர் அம்மா முடிவைச் சொன்னார். திரை ஒட்டிக்கொண்டது. ஆனால் நடுப்பகுதி கெட்டுவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், எதிரில் இருப்பவர் நெருங்கி வந்தால் முகம் மங்கலாகத் தெரியும். எழுத்து தெரியாது. "ஒட்டாமப் போயிருந்தா முழு இருட்டு. நீங்க அசையாமப் படுத்திருந்ததாலதான் இவ்வளவாவது கிடைச்சுது" என்றார். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

வீட்டுக்கு வந்தோம். அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவும் உட்கார்ந்தாள். கையில் ஒன்றும் இல்லாமல் அவள் அப்படி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பச்சை அட்டைப் புத்தகம் வீட்லதானே இருக்கு? எடுங்க" என்றாள்.

"அதான் முடிஞ்சுதே" என்றார் அத்தான்.

"எங்க முடிஞ்சுது? நீங்க தாண்டிப் போன பக்கத்தையெல்லாம் படிங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல!" என்றேன்.

"அவ சொல்லல. நான் ரெண்டு தடவை படிச்ச கதை அது. அவளுக்குக் கண்ணு போகும்னு தெரிஞ்சுதான் கேட்டேன். போனதுக்கு அப்புறம் அவ எப்படிச் சமாளிச்சான்னு கேக்கணும்போல இருந்துச்சு. எனக்கு அது சரியா ஞாபகம் இல்ல. கண்ணு நல்லா இருந்தப்ப அந்தப் பக்கமெல்லாம் வேகமாப் புரட்டிட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"உங்க குரல் நடுங்குச்சு. அவளுக்குக் கண்ணு நல்லா இருக்கணும்னு அப்ப உங்களுக்கு வேண்டியிருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். இப்ப எனக்கு வேணும். உள்ளதை உள்ளபடி படிங்க."

அத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன், அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. அக்கா அழவில்லை. அவர் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு அவர் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தைத் தேடிப் பிடித்தார்.

"மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது விடிந்ததா என்று தெரியவில்லை. சுவரைத் தொட்டபடி தையல் இயந்திரம் வரை நடந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்..."

அவர் குரல் அங்கே நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்க" என்றாள் அக்கா. "மெதுவாப் படிங்க. எனக்கு இது மனப்பாடம் ஆகணும்."