பெட்டியின் மேல் செல்வராஜின் பெயர்

மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அன்று வந்திருந்தவர்கள்: என் சீனியர், அவருக்கு ஜூனியராக நான், பின்வரிசை வாங்கில் கமலா அக்கா, சிறைக்காவலர்கள் நடுவே அவருடைய கணவர் செல்வராஜ். வராதவர்கள்: கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்வராஜோடு வரிசையில் நின்று ஓட்டோ ஓட்டிய அத்தனை பேரும்.

செல்வராஜ் அம்பிட்டியக்காரர். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும் பார்சல்களை வாங்கி வீடுகளில் சேர்ப்பதும் அந்த ஸ்டாண்டில் ஒரு பிழைப்பு. அதில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் யாருக்கோ போகும். பெட்டியின் மேல் ஓட்டோக்காரரின் பெயரும் போன் நம்பரும்தான் இருக்கும். கொண்டக்டருக்கு அது போதும். கொடுக்க வேண்டிய இடம் பிறகு போனில் வரும்.

செல்வராஜ் பிடிபட்ட அன்றும் ஒருவன் போனில் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். மடவளைக்குப் போக வேண்டிய பெட்டி. வழியில் பொலிஸார் மறித்துப் பிரித்தார்கள். பிஸ்கட் பக்கற்றுகளுக்கு அடியில் ஹெரோயின். பேசியவனின் நம்பர் அதோடு செத்துவிட்டது. மிஞ்சியது பெட்டியின் மேல் இருந்த பெயர் மட்டும்.

கண்டியில் விசாரணை நடந்தபோது, இந்த வழக்கத்தைச் சொல்ல ஒரு சாட்சியாவது வேண்டும் என்றார் சீனியர். நான் ஸ்டாண்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். உள்ளதைச் சொல்ல யார் மறுப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

செல்வராஜின் நெருங்கிய கூட்டாளி ரிஸ்வான் நானா எனக்கு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"செல்வா நல்ல மனுசன் தம்பி, அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனா நாங்களும் இப்பிடித்தான் கொண்டு போறண்டு கூண்டுல ஏறிச் சொன்னா, வெளிய வரக்குள்ள எங்களப் புடிக்க ஆள் நிக்கும். என்ட பேரு எத்தின பெட்டில இருக்கோ, அதுக்குள்ள என்ன இருந்திச்சோ, எனக்கென்ன தெரியும்?"

பின்னால் நின்ற இன்னொருவர், "லோயர் தம்பியே ஏறிச் சொல்லட்டும், கோட்டும் போட்டுத்தானே இருக்காரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரிஸ்வான் நானா சிரிக்கவில்லை.

அழைப்பாணை போட்டு இழுத்து வந்தால் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள், அது இன்னும் கேடு என்று சீனியர் விட்டுவிட்டார். செல்வராஜ் மட்டும் கூண்டில் நின்று சொன்னார். ஆயுள் தண்டனை விழுந்தது.

மேன்முறையீட்டில் சீனியர் நன்றாகத்தான் வாதாடினார். பெயர் இருந்தது பெட்டியை வாங்கியதற்குச் சாட்சி, உள்ளே இருந்ததை அறிந்ததற்குச் சாட்சி அல்ல. அறிந்தார் என்று காட்ட அரச தரப்பிடம் வேறொன்றுமே இல்லை என்றார். நீதியரசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்படியொரு வழக்கம் இருப்பதாக விசாரணையில் செல்வராஜைத் தவிர எந்தச் சாட்சி சொன்னார் என்று மட்டும் கேட்டார். சீனியர் வழக்கேட்டைப் புரட்டினார். அதில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சில வாரங்களில் தள்ளுபடி என்று தீர்ப்பு வந்தது. வெளியே கமலா அக்கா என்னிடம் காரணம் கேட்டார். சொன்னேன்.

"அதுதான் ஊருக்கே தெரியுமே தம்பி. இன்னைக்குப் பின்னேரம் ஸ்டாண்டுக்கு வந்து பாருங்க. எறங்குற பெட்டி எல்லாத்துலயும் அவங்கவங்க பேருதான் இருக்கும்."

சட்டத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஊருக்கே தெரிந்ததையும் முதல் விசாரணையிலேயே வெளியாள் ஒருவரின் வாயால் சொல்லவையுங்கள். அங்கே சொல்லப்படாததை மேல் நீதிமன்றம் போய்த் தேட முடியாது. அந்த வாய் எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் தேடிய இடத்தில் கிடைக்கவில்லை.

செல்வராஜின் ஓட்டோ கமலா அக்காவின் பெயரில் இருந்ததால் நீதிமன்றம் அதை முன்பே விடுவித்திருந்தது. மேன்முறையீட்டுச் செலவுக்காக அவர் அதை விற்றிருந்தார். வாங்கியது ரிஸ்வான் நானா. பேரம் பேசவில்லை, கேட்டதைக் கொடுத்தார். அவர் மகன் இப்போது அதே வரிசையில் அதை ஓட்டுகிறான், பார்சலும் எடுக்கிறான். ஒரு ரூபாகூட மிஞ்சாமல் வழக்குக்கே போன அந்தத் தொகை, ஒன்பது இலட்சத்து இருபதாயிரம்.