சனிக்கிழமைச் சந்தை

படத்தில் என்னோடு ஏழாம் வகுப்பில் படித்த பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள். எங்கள் வீட்டார் யாருமில்லை. வீடு மாறப் பெட்டி கட்டும்போது இன்று அகப்பட்டது. பின்னால் செக் நாட்டின் ஒரு சிறிய சந்தை நகரம்: மூன்று பக்கமும் வளைந்தோடும் ஆறு, கல் பாவிய சதுக்கம், நடுவில் கொள்ளைநோய் நீங்கியதன் நினைவாக நட்ட தூண். உப்பு வணிகர் தங்கிப்போன ஊர்.

அந்தச் சுற்றுலாவுக்குப் பள்ளிக்கூடம் அனுப்பிய கடிதத்தை, ஜெர்மனியில், டோர்ட்மண்ட் வீட்டுக் குசினியில் அடுப்படியில் வைத்து நான்தான் அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கடிதங்கள் என் பொறுப்பு. வசதியில்லாதோர் விண்ணப்பித்தால் நகரசபை செலவை ஏற்கும் என்ற கடைசிப் பத்தியை வாசிக்காமல் விட்டேன். வகுப்பில் தெரிந்துவிடுமே என்ற வெட்கம்.

“வேற ஒண்டும் எழுதேல்லையோ?”

“இல்லை அப்பா.”

“சரி, நீ போட்டு வா. நான் பாக்கிறன்.”

திரும்பி வந்து அந்த ஊரின் கதை முழுவதும் ஒப்புவித்தேன். சவர்க்கார நெடியடிக்கும், வெடித்த விரல்களால் இந்தப் படத்தைப் பிடித்தபடி அப்பா கேட்டார்: “சந்தை எண்டைக்கடா கூடும்?”

“சனிக்கிழமை.”

“சனிக்கிழமையோ? அப்ப எனக்கு ஏலாது” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தக் கடைசிப் பத்தியை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பயணத்துக்காக அவர் உணவகமொன்றில் சட்டி கழுவியது பதினொரு சனிக்கிழமைகள்.