வெயிலுகந்தம்மாள் சொன்ன "தெரியாது"

வெயிலுகந்தம்மாளைப் படிக்கத் தெரியாதவள் என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கு அழுகிப்போகும். எட்டாம் வகுப்பு முடித்தவள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த முப்பது வருஷமும், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மற்ற பெண்களுக்குப் பேப்பரைச் சத்தம்போட்டு வாசித்துக் காட்டியது அவள்தான். அவளுக்கே விளங்காத தமிழில் பத்திரம் எழுதுகிறார்களே, அந்தத் தமிழ் யாருக்காம்?

இருபத்தைந்து வயதில் ஒருமுறை சூடுபட்டாள். அப்பா நிலத்துக்குப் பட்டா மாற்றவேண்டும் என்று அண்ணன் கோவில்பட்டிப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனான். பத்திர எழுத்தர் கடகடவென்று வாசித்தார், இவள் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள். தன் பங்கையே விட்டுக்கொடுத்தது அடுத்த வருஷம் பருத்தி எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. பாவிப்பயல்! அண்ணன் செத்த வீட்டுக்குக்கூட அவள் போகவில்லை.

இப்போது அவளுக்கென்று இருப்பது புருஷன் விட்டுப்போன மூன்று ஏக்கர் கரிசல். இரண்டு ஏக்கரைச் சோலார் கம்பெனிக்குக் கொடுப்பது, கிணற்றோடு ஒரு ஏக்கரைத் தானே வைத்துக்கொள்வது என்று பேச்சு. பேசி முடித்தவன் கொழுந்தன் கடற்கரை. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் நாலு பாத்தி மிளகாய் போட்டுத்தான் அவள் கஞ்சி குடிக்கிறாள்.

பதிவு நாளன்று பத்திர ஆபீஸ் வராந்தாவில் பத்திர எழுத்தர் சங்கிலிப்பாண்டி பன்னிரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் ஓட்டினார். மேற்படி, சர்வ சுதந்திர பாத்தியம், வில்லங்கம் என்று என்னென்னவோ வந்தன.

"கொஞ்சம் மெதுவா வாசிங்க அண்ணாச்சி."

"எல்லாம் வழக்கமா எழுதுததுதாம்மா. கையெழுத்தப் போடுங்க, டோக்கன் கூப்பிடுதாவ."

அவசரத்தில் எல்லாப் பக்கத்திலும் போட்டுவிட்டாள்.

உள்ளே பதிவு அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியும்லாம்மா? சம்மதந்தானே?"

"தெரியாதுய்யா."

இப்போதுதான் அவர் நிமிர்ந்தார். கடற்கரை பல்லைக் கடித்தான். "மதினி, என் மானத்த வாங்காதீங்க."

"உன் மானம் கிடக்கட்டும்லே. தெரியாதத தெரியும்னு ஒருதடவ சொல்லிட்டுப் பட்டது போதும்."

"அந்தம்மாவுக்கு விளங்கச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க," என்று அதிகாரி பத்திரக் கட்டைத் திருப்பித் தள்ளினார்.

வராந்தாவில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்டாள். சங்கிலிப்பாண்டி எரிச்சலோடு சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போகப் பார்த்தார்; அவள் விரல் நகரவில்லை. 'தென்புறக் கிணற்றின் ஜல பாத்தியம் முழுமையும் யாதொரு ஆட்சேபணையுமின்றி...'

"இது என்னது?"

"கிணத்துத் தண்ணி பூராவும் கம்பெனிக்கு. சோலார் பலகைகளக் கழுவ வேணும்லா."

"அப்போ எனக்கு?"

"அவிய விட்டா எடுத்துக்கிடலாம்."

கடற்கரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். 'வாசித்துக் காட்டக் கேட்டு, நன்கு விளங்கிக்கொண்டு, மனப்பூர்வமாக' என்று இருந்தது.

"எனக்கு இப்பதான விளங்குது. விளங்கிட்டுன்னு நேத்தே டைப் அடிச்சிட்டீங்களே அண்ணாச்சி!"

அவள் பத்திரத்தைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.

கடற்கரை பாய்ந்து வந்தான். "அது கம்பெனிக்காரன் வாங்குன முத்திரைத்தாள்!"

"கையெழுத்து என்னுதுலே," என்றாள் வெயிலுகந்தம்மாள். ஊருக்குப் போகும் எட்டயபுரம் பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.