குழாயடியில் கட்டிய பச்சை ரிப்பன்

எனக்கு மறதி உண்டு. ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறேன். போன வாரம் கேரட் வாங்கக் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய் முட்டைக்கோசோடு வந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் நடக்கும். அதற்காக என் நாயை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில், அருவங்காட்டில் வளர்ந்தவள் நான். நாங்கள் குடிபோனபோதே அந்த நாய் அங்கே இருந்தது. முன்பு இருந்தவர்கள் சாவியோடு அதையும் விட்டுப் போயிருந்தார்கள். எங்கள் வரிசையில் அதுதான் வழக்கம். மாற்றலாகிப் போகிறவர்கள் பல்பு, குழாய், ஜன்னல் கொக்கி எல்லாம் சரியாக இருக்கிறதென்று காட்டி வீட்டை ஒப்படைப்பார்கள். நாய் அடுத்து வருகிறவர்களுக்கு. குவார்ட்டர்ஸ் நாய் என்றே அதற்குப் பேர். எனக்கு மட்டும் அது என் நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். சாயங்காலச் சங்கு ஊதியதும் கேட் வரை ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவரும்.

எனக்குப் பத்து வயதில் அப்பாவுக்கு வடக்கே மாற்றலானது. சாமான் ஏற்றிய காலையில், எல்லாருக்கும் முன்னால் நாய் லாரியில் ஏறி டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறியது. நான் கூப்பிட்டால்தான் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நீ கூப்ட்டுக் குழாயடில கட்டிரு கண்ணு. புதுசா வர்றவங்க அவுத்துக்குவாங்க" என்றார் அப்பா.

கயிறெல்லாம் சாமான் கட்டவே போய்விட்டது. என் இரட்டைச் சடையில் இருந்த பச்சை ரிப்பன்களை உருவி, ஒன்றாக முறுக்கிக் கட்டினேன். விளையாட்டு என்று நினைத்து அது வாலை ஆட்டியது. பலமாக ஒரு இழுப்பு இழுத்திருந்தால் ரிப்பன் அறுந்திருக்கும். கட்டியது நான் என்பதால் அது இழுக்கவே இல்லை.

இதை நேற்று, கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த அண்ணனிடம் சொன்னேன். இத்தனை வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"அம்மிணி, அந்த நாய் நாம போறதுக்கு முந்தின மழையிலயே செத்துப்போச்சு. நாந்தான் பொதச்சேன்" என்றார் அவர். "நீ எதையோ எதோடயோ போட்டுக் கொழப்பிக்கறே. கேரட்டுக்குப் போயி கோசு வாங்கிட்டு வந்தவதான நீயி?"

சுருக்கென்றது. ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் சொல்வது நிஜமாக இருந்தால் எவ்வளவு நிம்மதி என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதில்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்லீங்ணா. நாந்தான் கட்டுனேன். ரெட்ட முடிச்சு. எங் கையில இன்னமும் இருக்குது."

"இல்லவே இல்லங்கறேன்!"

கட்டிலில் படுத்திருந்த அம்மா இந்தப் பக்கம் திரும்பினாள். எண்பது தாண்டியவள், நாங்கள் பேசுவது காதில் விழவில்லை என்றே நினைத்திருந்தோம்.

"அவன ஏசாத. ரயில்ல பூரா நீ அழுதுட்டே வந்தே. கேட்டா ரிப்பனுக்கு அழுவறேன்னே. அப்பறம் நாய்ப் பேச்சே எடுக்கல. நீ அத மறந்துட்டேன்னு நெனச்சோம். அப்படியே இருந்துட்டுப் போவட்டும்னுதான் அவஞ் சொல்றான்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே ஆறிப்போன டீயை ஆற்றினார்.

அன்பினால் சொன்ன பொய்தான், தெரியும். இருந்தாலும் எனக்கு அது வேண்டாம். கண்ணாடி தொலையட்டும், கேரட் போகட்டும், நாளைக்கு என் பெயரே மறந்தாலும் மறக்கட்டும். அந்த முடிச்சில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். ஒருமுறை அதை விட்டுவிட்டு வந்தேன். செத்துப்போனது என்று ஒப்புக்கொண்டு இன்னொரு முறையும் விட்டுவிட்டு வர மாட்டேன்.